6 லட்சத்துக்குள்ள பிரிண்டர், கட்டர், ரிப் மூணையும் பேக்கேஜா வாங்கலாமா? (மதுரை)

#1 ரேடியம்கடை, பழங்காநத்தம்

எல்லாருக்கும் வணக்கம். பழங்காநத்தத்துல 9 வருசமா ரேடியம் ஸ்டிக்கர் கடை வச்சிருக்கேன். பைக், ஆட்டோ, லாரி வேலைதான். நம்பர் பிளேட்டுதான் சோறு போட்டுச்சு. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வித்த வண்டிக்கெல்லாம் ஷோரூம்லயே ஹை செக்யூரிட்டி பிளேட் மாட்டி விட்டுர்றாங்க. பழைய வண்டிதான் மிச்சம், அதுவும் வருசா வருசம் தேயுது.

இப்ப வர்ற ஆளுங்க கடைக் கண்ணாடிக்கு ஸ்டிக்கர், வேன் சைடுல படம், ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள், சன்போர்டுப் பலகைன்னு கேக்குறாங்க. வினைல் (பின்னாடி பசை உள்ள பிளாஸ்டிக் தாள்) பிரிண்டை சிம்மக்கல்ல ஒரு கடையில குடுத்து அடிச்சு வாங்குறேன். வெட்டுறது பூரா கையாலதான், பேப்பர் கத்தி. போன வாரம் 300 ரவுண்டு ஸ்டிக்கரை நானும் என் வீட்டுக்காரியும் ராத்திரி 1 மணி வரைக்கும் வெட்டுனோம். இருக்கிற கட்டர் பழைய 2 அடி ஸ்டெப்பர் மோட்டார் மிஷின். பிரிண்டு ஓரத்துல அடிக்கிற அடையாள மார்க்கைப் பாத்து வெட்டுற கண்ணு (சென்சார்) அதுக்குக் கிடையாது. ஓட விட்டா தெருமுனை டீக்கடை வரைக்கும் சத்தம் கேக்கும்.

கையில 2 லட்சம் இருக்கு, பேங்க்ல 4 லட்சம் தர்றேங்கிறாங்க. ஒரு டீலர் 5 அடி எக்கோ சால்வென்ட் மை பிரிண்டர், எக்ஸ்பி600 ஹெட் (மை தெளிக்கிற பாகம்) ரெண்டு, கூடவே 4 அடி கட்டர், ரிப் சாப்ட்வேர் (படத்தைப் பிரிண்டருக்குப் புரியிற மாதிரி மாத்துறது), ஒரு வருச சர்வீஸ்னு மொத்தமா கொட்டேஷன் குடுத்திருக்காரு. வாங்கிறலாமா? இல்ல செகண்ட் ஹேண்ட்ல ரோலண்டு, மிமாக்கி கம்பெனி மிஷின் ஏதாச்சும் தேடலாமா? அனுபவஸ்தர்கள் சொல்லுங்க.

#2 மாசிவீதிபிளெக்ஸ்

தம்பி, நான் 10 அடி கொனிக்கா ஹெட் மிஷின்ல பிளெக்ஸ் அடிக்கிறவன், வினைலுக்குத் தனியா ஒரு 5 அடி வச்சிருக்கேன். என்னைக் கேட்டா வாங்கு. சொந்த மிஷின் இல்லாதவனை கஸ்டமர் கடைக்காரனா மதிக்க மாட்டான், புரோக்கரா நெனப்பான். ராத்திரி 11 மணிக்கு ஒரு வீட்டுல துக்கம்னா, காலையில 6 மணிக்குள்ள கண்ணீர் அஞ்சலி தெருமுனையில நிக்கணும். அந்நேரத்துக்கு நீ எந்தக் கடைக் கதவைத் தட்டுவ? காதுகுத்து, பூப்புனித நீராட்டு, வளைகாப்பு எல்லாம் அப்படித்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் போட்டோவே வாட்ஸ்அப்ல வரும்.

#3 ரேடியம்கடை

அண்ணே, நான் பிளெக்ஸுக்குள்ள வரல. அதுல உங்களை மாதிரி ஆளுங்க சதுர அடிக்கு என்ன ரேட்டு போடுறாங்கன்னு பாத்தா எனக்குத் தலை சுத்துது.

#4 மாசிவீதிபிளெக்ஸ்

அதுவும் சரிதான். 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில பேனர் விழுந்து ஒரு பொண்ணு உயிர் போச்சுல்ல, அதுல இருந்து பெரிய பேனர் வேலை பழைய மாதிரி இல்ல. அனுமதி இல்லாம அடிச்சா கடைக்கும் சேத்துத்தான் வருது. 2022 ஜூலையில இருந்து 100 மைக்ரானுக்குக் கீழ உள்ள பிவிசி பேனரும் தடை. நல்ல பிளெக்ஸ் அதுக்கு மேலதான் இருக்கும், ஆனா ரேட்டைக் குறைக்கிறேன்னு மெல்லிசுக்குப் போறவன் மாட்டுவான். வினைல் பக்கம் இந்தத் தலைவலி கெடையாது. நீ அதுலயே நில்லு.

#5 ஒத்தக்கடைக்காரன்

ரேடியம்கடை தம்பிக்கு: நான் இதே மாதிரி பேக்கேஜ் வாங்கி, ரெண்டே கால் வருசம் ஓட்டி, வித்தவன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

மொதல்ல மாசக் கணக்கு. 4 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 36 மாசம்னா தவணை 13,286 ரூபாய் வரும். மிஷின் ரூமுக்கு ஏசி கரண்ட் 3,000னு வைங்க. நீங்க வண்டிக்கு ஒட்டப் போயிட்டா மிஷினைப் பாக்க ஒரு பையன் வேணும், 12,000. ஆக மிஷின் ஓடுனாலும் ஓடாட்டியும் மாசம் 28,286 போயிரும்.

இப்ப சதுர அடிக் கணக்கு. 4 அடி அகலம், 50 மீட்டர் ரோல்ல ஏறக்குறைய 656 சதுர அடி. ரோல் 5,900னா அடிக்கு 9 ரூபாய். மை சதுர மீட்டருக்கு 10 மில்லி பக்கம் குடிக்கும், அதாவது சதுர அடிக்கு ஒரு மில்லி. லிட்டர் 1,500 ரூபாய் மைன்னா ஒன்றரை ரூபாய். ஹெட் கிளீனிங்ல கொட்டுற மை, ஆரம்பத்துலயும் கடைசியிலயும் வீணாப்போற வினைல் எல்லாத்துக்கும் இன்னொரு ஒன்றரை. மொத்தம் 12. வெளிய 24க்கு அடிச்சு வாங்குறீங்கன்னு வைங்க. சொந்தமா அடிச்சா மிச்சம் 12.

28,286ஐ 12ஆல வகுத்தா மாசம் 2,357 சதுர அடி. 26 நாள் வேலைன்னா தினமும் 90 அடி அடிச்சாத்தான் போட்ட காசு போட்டபடி நிக்கும். லாபத்தை இன்னும் நான் எழுதவே இல்ல. என் ரேட்டை விட்டுட்டு உங்க ரேட்டைப் போட்டுப் பாருங்க. போன மாசம் வெளிய குடுத்து எம்புட்டு அடிச்சீங்க? பில்லைப் பாத்துச் சொல்லுங்க, மனக்கணக்கு வேணாம்.

#6 ரேடியம்கடை

பில்லை எடுத்துக் கூட்டிப் பாத்தேன். 410 சதுர அடி. மனசுல ஆயிரம் இருக்கும்னு நெனச்சிருந்தேன்.

#7 ஒத்தக்கடைக்காரன்

நானும் அப்படித்தான் நெனச்சேன்.

#8 மாசிவீதிபிளெக்ஸ்

இந்தக் கணக்கு ஒரு பக்கந்தான். மிஷின் கடைக்குள்ள நிக்குதுன்னு தெரிஞ்சா வேலை தானா வரும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு.

#9 ஒத்தக்கடைக்காரன்

அண்ணே, நீங்க மாசி வீதி. கோயிலைச் சுத்தி ஜனம் நடந்துக்கிட்டே இருக்கு. எங்க பக்கம் நாலுவழிச் சாலையில பஸ்ஸுதான் போகும்.

#10 நாசில்வைத்தியர்

நான் சர்வீஸ் பாக்குறவன். திண்டுக்கல்ல இருந்து திருநெல்வேலி வரைக்கும் பைக்ல ஹெட்டைக் கழுவிக்கிட்டுத் திரியுறேன். எந்தக் கம்பெனி ஆளும் இல்ல.

எக்ஸ்பி600 கெட்ட ஹெட் இல்ல. ஆனா அது வீட்டுல மேஜை மேல வைக்கிற பிரிண்டருக்குன்னு எப்சன் செஞ்சது. அதை எடுத்து நம்மாளுங்க 5 அடி மிஷின்ல மாட்டி, சால்வென்ட் மையை ஊத்துறாங்க. 1,080 நாசில் (மை வர்ற துளை). சும்மா ஒரு வருசம் ஓடும், நல்லாப் பாத்துக்கிட்டா கூடவும் ஓடும், அப்புறம் மாத்தணும். விலை குறைவு, அதனால மாத்துறதுக்கு மனசு வலிக்காது. ஐ3200 வேற சாதி. தொழிலுக்குன்னே செஞ்சது, 3,200 நாசில், எக்கோ சால்வென்டுக்கு ஈ1னு தனி ரகமே உண்டு. வேகமும் ஆயுசும் ஜாஸ்தி. ஆனா ஒரு ஹெட்டு போச்சுன்னா ஒரு பைக் விலை போச்சு. தினம் ரெண்டு மணி நேரங்கூட ஓடாத கடைக்கு அது எதுக்கு?

செகண்ட் ஹேண்ட் ரோலண்டு, மிமாக்கி, மியூட்டோ வாங்குறவங்க மிஷினோட வெளித்தோற்றத்தைப் பாத்து ஏமாறாதீங்க. நாசில் செக் (எல்லாத் துளையும் அடிக்குதான்னு பாக்குற சோதனைத் தாள்) அடிக்கச் சொல்லுங்க. அடிச்ச கையோட மிஷினை 2 மணி நேரம் சும்மா விட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்து மறுபடி அடிக்கச் சொல்லுங்க. ரெண்டாவது தாள்ல கோடு விட்டுப்போயிருந்தா கேப்பிங் (ஹெட்டை மூடி வைக்கிற மூடி) காத்து இழுக்குது, இல்லேன்னா டேம்பர் (ஹெட்டுக்குப் போற மையைத் தேக்கி வடிகட்டுற சின்னப் பெட்டி) போச்சு. மொதத் தாளை மட்டும் பாத்து முன்பணம் குடுத்துட்டு எனக்குப் போன் போடுறவங்கதான் ஜாஸ்தி.

ஹெட் எதனால சாகுதுன்னு கேட்டா பாதிப் பேரு மையைச் சொல்வாங்க. நான் பாத்த வரைக்கும் சும்மா கிடந்து செத்ததுதான் அதிகம். மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குன்னு 4 நாள் கடையைப் பூட்டிட்டுப் போவாங்க. கரண்டையும் அணைச்சிட்டுப் போவாங்க. பங்குனி, சித்திரை வெயில்ல ரூமு அடுப்பு மாதிரி கொதிக்கும். பெரும்பாலும் மேனுவல்ல 20 டிகிரில இருந்து 30 சொச்சம் வரைக்கும், ஈரப்பதம் 35 சதவீதத்துக்குக் குறையாமன்னுதான் போட்டிருக்கும். மதுரைக் கோடைப் பகல்ல ஏசி இல்லாத ரூமுல அது நடக்காது. ஏசி போட்டா சூடு குறையும், ஆனா காத்தும் காஞ்சு போகும், அதனால ஒரு வாளித் தண்ணியை மிஷினுக்குத் தள்ளி மூலையில வைக்கிறவங்களும் உண்டு. சிரிக்காதீங்க, வேலை செய்யுது.

அடுத்தது எர்த். பிளம்பர் போட்ட எர்த் எல்லாம் எர்த் ஆகாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பாத்தா 2, 3 வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. ஹெட் கேபிளை மிஷின் ஓடும்போது புடுங்கிச் சொருகுனா, இல்ல மை கேபிள்ல வழிஞ்சு ஈரத்தோட ஆன் பண்ணுனா, ஹெட்டும் போகும், மெயின் போர்டும் கூடவே போகும்.

#11 ரேடியம்கடை

வைத்தியரே, சர்வீஸ் எப்படி? டீலர் ஒரு வருசம் இலவசம்ங்கிறாரு.

#12 நாசில்வைத்தியர்

ஆளு எங்க இருந்து வருவாருன்னு கேளுங்க. சென்னைன்னா 460 கிலோமீட்டர் சொச்சம். கோயம்புத்தூர்னா 210. சர்வீஸ் இலவசம், பஸ் காசும் லாட்ஜும் நீங்க. இது கொட்டேஷன்ல இருக்காது. அதை விட முக்கியமா, டேம்பர், கேப், வைப்பர், பம்ப் இந்த நாலும் மதுரையில ரெடியா கெடைக்குதான்னு பாருங்க. ஒரு கேப் டாப்புக்காக மூணு நாள் கூரியரை எதிர்பாத்து உக்காந்திருந்த கடை எனக்குத் தெரியும், அதுவும் முகூர்த்த வாரத்துல.

#13 நெறியாளர்

மேலே இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. மெஷின் விற்பனை விளம்பரங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

#14 கர்வ்போடு

வணக்கம். சிம்மக்கல்ல டிசைனரா இருக்கேன், 14 வருசம். எல்லாரும் இரும்பைப் பத்தியே பேசுறீங்க, சாப்ட்வேரைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலியே.

ரிப்புன்னா சும்மா பிரிண்ட் கமாண்ட் குடுக்கிற பெட்டின்னு நெனச்சுக்கிறாங்க. கோரல்டிராவுல நாம போட்ட படத்தை எந்த இடத்துல எம்புட்டு பெரிய சொட்டுன்னு பிரிச்சுக் குடுக்கிறதே அதுதான். ஒரு வினைலுக்கு எவ்வளவு மை தாங்கும்கிற வரம்பு அதுலதான் இருக்கு. டீலர் வந்து நாலு புரொபைல் (ஒவ்வொரு வினைலுக்கும் ஏத்த மை, கலர் அளவு) போட்டுட்டுப் போவாரு. அதே புரொபைல்ல கிளாஸ் (பளபளப்பு) வினைலும் அடிப்பாங்க, மேட்டும் அடிப்பாங்க, ஒன்வே விஷனும் (கண்ணாடியில ஒட்டுற துளைத் தாள்) அடிப்பாங்க. ஒண்ணுல மை காயாது, சுத்துன ரோல் ஒட்டிக்கிரும். இன்னொண்ணுல மாப்பிள்ளை முகம் ரோஜாப்பூக் கலர்ல வந்து நிக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க.

ரோலண்டு வாங்குனா வெர்சாவொர்க்ஸ்ங்கிற ரிப் கூடவே வரும், மிமாக்கிக்கு ராஸ்டர்லிங்க், எப்சன்ல எட்ஜ் பிரிண்ட். சீனா மிஷினுக்கு பெரும்பாலும் மெயின்டாப், இல்ல போட்டோபிரிண்ட், டாங்கிளோட (கம்ப்யூட்டர்ல சொருகுற பூட்டு) வரும். மெயின்டாப்ல நான் வேலை பாத்திருக்கேன், அடிக்கிறதுக்கு அதுவே போதும். நிறைய வகை மெட்டீரியல்ல வேலை பாத்து, பிரிண்டும் கட்டும் ஒரே இடத்துல வேணும்னா பிளெக்ஸிங்கிற ரிப் நல்லது. ஓனிக்ஸ், கால்டெராவெல்லாம் நாலஞ்சு மிஷின் ஓடுற கடைக்கு. பேக்கேஜ்ல குடுக்கிற ரிப் ஒரிஜினலான்னு மட்டும் கேட்டுருங்க. 'அதெல்லாம் ஓடும்க்கா'ன்னு சொன்னா ஒரிஜினல் இல்லன்னு அர்த்தம். விண்டோஸ் ஒரு அப்டேட் போட்டுச்சுன்னா அன்னைக்குக் கடை லீவு.

ரேடியம்கடை தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் தமிழுக்காக ஒண்ணு சொல்லிர்றேன். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருல கொம்பு தனி, கால் தனி, விசிறி (மேல வளைவு) தனித்துண்டு. திரையில பாத்தா ஒட்டி இருக்கிற மாதிரித்தான் தெரியும். பிரிண்டுக்கு அது பிரச்சினையில்ல. ஆனா அப்படியே கட்டருக்கு அனுப்புனா 'கி'யில ககரமும் மேல வளைவும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போகும், உரிக்கும்போது துண்டு துண்டா வரும். எழுத்தைக் கர்வ் (கோட்டு உருவம்) ஆக்குனது மட்டும் பத்தாது, வெல்டு குடுத்து எல்லாத் துண்டையும் ஒண்ணாச் சேக்கணும். கஸ்டமர் வாட்ஸ்அப்ல யூனிகோட்ல அனுப்புவாங்க. அதை மாத்தும்போது 'ஸ்ரீ'யும் 'க்ஷ'வும் எங்கயாவது ஓடிப்போயிரும். வெட்டுறதுக்கு முன்ன சத்தமா வாசிங்க. 'அருள்மிகு'வுல புள்ளி விழுந்த பலகை ஒண்ணு இன்னும் ஒரு கோயில் வாசல்ல நிக்குது. எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன், அந்த டிசைன் நான் பண்ணுனது.

#15 பழையபிரஷ்

புள்ளியைப் பத்திப் பேசுனதால வந்தேன். 70கள்ல இருந்து போர்டு எழுதுறவன் நான். பிரஷ்ல எழுதுனப்ப புள்ளி விழுந்தா ஏணியில ஏறி வச்சுட்டு இறங்குவோம், ஒரு பீடி நேரம்.

கடை போர்டு எடுக்கிற தம்பிகள் கவனிக்கணும். நம்ம அரசு விதிப்படி பலகையில தமிழ் முதல்ல, பெரிசா இருக்கணும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5க்கு 3க்கு 2ன்னு அளவு. கஸ்டமர் இங்கிலீஷைப் பெரிசாப் போடுன்னு நிப்பான், அபராதம் வந்தா உன்கிட்டத்தான் திரும்பி வருவான்.

இன்னொண்ணு, மேற்குப் பாத்த கடைக்கு சிவப்பையும் மஞ்சளையும் நம்பி பிரிண்ட் அடிச்சுக் குடுக்காத. வெயில்ல மொதல்ல மங்குறது அது ரெண்டுந்தான், நீலமும் கருப்பும் நிக்கும். ரெண்டு வருசத்துல முருகன் விலாஸ் நீல விலாஸா நிக்கும். அந்த மாதிரி இடத்துல கலர் வினைலையே வெட்டி ஒட்டு. வினைல்ல நிறம் உள்ளுக்குள்ளயே இருக்கு.

#16 ரேடியம்கடை

ஐயா, நன்றி. அக்கா, வெல்டு விஷயம் எனக்கு 9 வருசம் முன்னாடி யாராச்சும் சொல்லியிருந்தா எம்புட்டு வினைல் மிச்சமாயிருக்கும்!

இப்ப யோசனை மாறிக்கிட்டே வருது. பிரிண்டரை விட்டுட்டு கட்டரை மட்டும் நல்லதா வாங்குனா என்ன? பிரிண்டு வெளிய, வெட்டு உள்ள. எந்தக் கட்டர்?

#17 நாசில்வைத்தியர்

சரியான இடத்துக்கு வந்துட்டீங்க.

ஸ்டெப்பர் மோட்டார் படி எண்ணிப் போகும். எங்கயாச்சும் வழுக்குனா அதுக்கே தெரியாது. சர்வோ தான் எங்க நிக்கிறோம்னு பாத்துக்கிட்டே போகும். சின்ன எழுத்துலயும் நீள வெட்டுலயும் அந்த வித்தியாசம் தெரியும். கிராப்டெக், ரோலண்டு, மிமாக்கி, சம்மா எல்லாம் சர்வோதான். கிராப்டெக் சிஈ7000ல 24 அங்குல மாடல் 450 கிராம் அழுத்தம் குடுக்கும், ரோலண்டு ஜிஎஸ்24 350 கிராம். சாதா வினைலுக்கு 100 கிராம் சொச்சமே போதும், நீங்க ரேடியம் வெட்டுறவரு, உங்களுக்கு அழுத்தம் வேணும். சம்மா இன்னும் ஒசத்தி, விலையும் அப்படியே.

மார்க் வாசிக்கிறதைக் கிராப்டெக்குல ஆர்ம்ஸ்னும் சம்மாவுல ஓபாஸ்னும் சொல்லுவாங்க. எதுவானாலும் நாலு மூலை மார்க்கையும் வாசிக்குதான்னு பாருங்க. பிரிண்டர்ல வினைல் கொஞ்சம் இழுபட்டோ கோணியோ வந்திருக்கும். நாலையும் வாசிச்சாத்தான் அந்தக் கோணலைச் சரிக்கட்டும். ஒரே ஒரு மார்க்குல ஆரம்பிச்சு மத்ததைக் கடவுள்கிட்ட விடுற மிஷினும் சந்தையில இருக்கு.

4 அடி வேணாம். உங்க வேலையில 2 அடிக்கு மேல ஒரே துண்டா எத்தனை வெட்டுறீங்க? பெரிய எழுத்தை ரெண்டாப் பிரிச்சு ஒட்டிக்கலாம். அந்தக் காசை நல்ல பிளேடுல போடுங்க.

#18 மாசிவீதிபிளெக்ஸ்

பிரிண்ட் அண்டு கட் ஒரே மிஷின்ல வருதே, அதைச் சொல்லலியே?

#19 நாசில்வைத்தியர்

வருது, நல்லாவும் இருக்கு. ஆனா வெட்டுற நேரம் பூரா பிரிண்டு நிக்கும். அது போக, எக்கோ சால்வென்ட் அடிச்ச சூட்டோட வெட்டக் கூடாது. மையில உள்ள சால்வென்ட் வெளியேற ஒரு நாளாவது, முடிஞ்சா ரெண்டு நாள் விடணும். ரோலைத் தளர்வா நிக்க வைக்கணும், இறுக்கிச் சுத்தக் கூடாது. அதுக்கு முன்ன லேமினேஷன் (மேல ஒட்டுற பாதுகாப்பு பிலிம்) போட்டா உள்ளயே புழுங்கும், ஓரம் சுருளும், வேன் கதவுல இருந்து உரிஞ்சு வரும். ஒரே மிஷின்ல அடிச்ச கையோட வெட்டுறவங்க பல பேரு இதை மறந்துர்றாங்க. எச்பி லேடெக்ஸ்ல இந்தக் காத்திருப்பு இல்ல, தண்ணி மை, சூட்டுலயே காஞ்சு வெளிய வரும், அப்பவே லேமினேட் பண்ணலாம். ஹெட்டும் நாமளே கழட்டி மாட்டுற மாதிரி. ஆனா சூடாக்குறதுக்குக் கரண்டு குடிக்கும், விலையும் உங்க 6 லட்சத்துக்குள்ள அடங்காது.

#20 கொடைரோடு

நல்லா போகுது இழை. பின்தொடர்றேன்.

#21 கர்வ்போடு

தம்பி வெளிய அடிச்சு வாங்கப் போறாருன்னா பைல் குடுக்கிற முறை முக்கியம். கட்டர் கூட வர்ற சாப்ட்வேர்ல மார்க் போட்டு, மார்க்கோட சேத்து பிடிஎப் குடுங்க. வெட்டுக் கோடு தனி லேயர்ல, பிரிண்டுல வராம. சொந்த வெர்சாவொர்க்ஸ் இருக்கிறவங்களுக்கு மட்டும்: 'கட்கான்டூர்'ங்கிற ஸ்பாட் கலர் (வெட்டுக் கோட்டுக்குன்னு தனியாப் பேரு வச்ச கலர்) பேரை இங்கிலீஷ்ல இடைவெளி விடாம, ரெண்டு சொல்லுக்கும் முதல் எழுத்தைப் பெரிசா எழுதணும். ஒரு எழுத்து மாறுனாலும் அது வெட்டாது, ஊதாக் கோடா அடிச்சு வச்சிரும்.

ஓரத்துக்கு வெளிய 2 மில்லிமீட்டர் கலரை நீட்டி விடுங்க. கத்தி அரை மில்லி நகர்ந்தாலும் வெள்ளை தெரியாது. நிழல் எபெக்ட் போட்டா ரிப்புல அதைச் சுத்தி ஒரு கட்டம் தெரியும், சிஎம்ஒய்கே டிஃப் (TIFF) பைலா மாத்திக் குடுங்க. ரெசல்யூஷன்ல பேராசை வேணாம். 10 அடிக்கு 8 அடி போர்டுக்கு 72 டிபிஐ போதும், 8,640க்கு 6,912 பிக்சல், சுமார் 240 எம்பி. அதையே 300ல குடுத்தா 4 ஜிபிக்கு மேல வரும். யாரும் போர்டை மூக்கை வச்சுப் பாக்கப் போறதில்ல. ஆனா ஊறுகாய் லேபிளுக்கு 300 வேணும், அது கையில வச்சுப் படிக்கிறது.

#22 ஒத்தக்கடைக்காரன்

கடன் விஷயம் ஒண்ணு. பிஎம்ஈஜிபி (சுயதொழிலுக்கு உள்ள மத்திய அரசுக் கடன் திட்டம்) மானியம் புதுத் தொழிலுக்குத்தான். ஏற்கனவே ஓடுற கடைக்கு 'புதுசு'ன்னு எழுதிக் குடுக்கச் சொல்ற ஏஜெண்டு வருவாங்க, தலையாட்டாதீங்க. கட்டர் மட்டும்னா முத்ராவுல (சின்னத் தொழிலுக்கு உள்ள மத்திய அரசுக் கடன்) கிஷோர் வகையிலயே அடங்கிரும், அது 5 லட்சம் வரைக்கும். ஜிஎஸ்டியில கம்போசிஷன் திட்டத்துல (சின்னக் கடைங்க விற்பனைக்கு ஒரே சதவீதமா வரி கட்டுற முறை) இருந்தா மிஷினுக்குக் கட்டுன வரியைத் திரும்ப எடுக்க முடியாது, விலையைப் பேசும்போது அதையும் சேத்துக் கணக்குப் போடுங்க.

#23 ரேடியம்கடை, 5 மாசம் கழிச்சு

எல்லாரும் கேட்டீங்க, பதில் போடாம விட்டதுக்கு மன்னிக்கணும். சித்திரைத் திருவிழா வேலை, அப்புறம் ஸ்கூல் பஸ் வேலை.

பிரிண்டர் வாங்கல. 2 அடி சர்வோ கட்டர் வாங்குனேன், நாலு மார்க்கும் வாசிக்கும். சின்னதா ஒரு கோல்டு லேமினேட்டரும் (சூடில்லாம பிலிம் ஒட்டுற மிஷின்) சேத்தேன். கடன் வாங்குனது கொஞ்சந்தான். பிரிண்டு அதே சிம்மக்கல் கடைதான். முன்ன ராத்திரி ஒரு மணி வரைக்கும் வெட்டுன 300 ரவுண்டு ஸ்டிக்கர் இப்ப சாப்பிட்டு வர்றதுக்குள்ள முடியுது. கத்தி மேல் தாளை மட்டும் வெட்டி, அடித்தாள் அப்படியே நிக்குதுங்கிறதை என் வீட்டுக்காரி இன்னும் நம்பல, ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பாக்குது.

ஆரம்பத்துல பட்டதையும் சொல்லணும். மொத மாசம் பிரிண்டு வாங்கிட்டு வந்து மிஷின்ல போட்டா மார்க்கைக் காணோம்னு கத்துது. எடுத்துப் பாத்தா, பிரிண்டு கடைப் பையன் 'ஓரத்துல என்னமோ கருப்புக் கோடு அசிங்கமா இருந்துச்சுண்ணே'ன்னு கத்தியால நறுவிசா வெட்டி விட்டுட்டான். அடுத்த தடவை வினைல் மிச்சம் பண்ண ரிப்புல படத்தைத் திருப்பிப் போட்டு அடிச்சுட்டாங்க, என் வெட்டுக் கோடு நிமிந்து நிக்குது, படம் படுத்துக் கிடக்கு. இப்ப பைல் பேருலயே 'திருப்பாதே, ஓரம் வெட்டாதே'ன்னு எழுதித்தான் அனுப்புறேன்.

ஒரு சந்தேகம். கிளாஸ் லேமினேஷன் போட்ட தாள்ல மட்டும் சில சமயம் மார்க்கை வாசிக்க மாட்டேங்குது. காலையில வாசிக்குது, சாயங்காலம் திணறுது.

#24 நாசில்வைத்தியர்

மிஷினுக்குப் பக்கத்துல மேற்கு ஜன்னல் இருக்கா?

#25 ரேடியம்கடை

ஆமா!

#26 நாசில்வைத்தியர்

அதான். சென்சார் வெளிச்சம் அடிச்சுத் திரும்பி வர்றதைப் பாத்துத்தான் கருப்பையும் வெள்ளையையும் பிரிக்குது. பளபளப்பான பிலிம்ல வெயில் பட்டா எல்லாமே வெள்ளைதான் அதுக்கு. திரைச்சீலை போடுங்க. அப்பவும் திணறுனா மார்க் மேல மட்டும் மேட்டான ஒட்டு டேப்பை ஒட்டி விடுங்க, இல்லேன்னா லேமினேஷனை மார்க்குக்கு உள்ள நிறுத்துங்க. பிளேடு எப்படி இருக்கு?

#27 ரேடியம்கடை

வினைலுக்கு 45 டிகிரி பிளேடு. ரேடியத்துக்கு 60 டிகிரி தனியா வச்சிருக்கேன். ரேடியம் பிளேடு ரெண்டு மாசத்துல மொன்னையாயிருது.

#28 நாசில்வைத்தியர்

பேருதான் ரேடியம், உள்ள இருக்கிறது பூரா கண்ணாடி மணி. கண்ணாடியை வெட்டுனா கத்தி தேயாம என்ன செய்யும்? ரெண்டு மாசம் வந்ததே பெரிசு. ரேடியத்துல ஓடுன பிளேடை வினைலுக்கு மாத்திப் போட்டுராதீங்க.

#29 மாசிவீதிபிளெக்ஸ்

தம்பி, மாசம் எம்புட்டு அடி வருது இப்ப?

#30 ரேடியம்கடை

போன மாசம் 980 அண்ணே. வெட்டிக் குடுக்கிறேன்னு தெரிஞ்சு லேபிள் வேலை கூடுது. 2,357 தொடட்டும், அப்ப பிரிண்டர் இழை தனியா ஆரம்பிக்கிறேன்.

#31 மாசிவீதிபிளெக்ஸ்

அதுக்கு முன்ன ஒரு மாசம் என்கிட்ட அடிச்சுப் பாரு, 22க்குத் தர்றேன். ஓரத்தை எவனும் வெட்ட மாட்டான்.

#32 பழையபிரஷ்

தம்பி, மேலூர் பக்கம் ஒரு கோயில் சுவர்ல எழுதுற வேலை வந்திருக்கு. கும்பாபிஷேகத்துக்கு முன்ன முடிக்கணும். கை முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குது. எழுத்து ஒண்ணு 9 அங்குல உயரத்துல, வினைல்ல உள்பக்கத்தை உரிச்சு எடுத்துட்டு ஓட்டையாக் குடுத்தா, சுவர்ல ஒட்டி எனாமல் அடிச்சுட்டு உரிச்சிருவேன். முடியுமா?

#33 ரேடியம்கடை

முடியும் ஐயா. மலிவு வினைல்லயே வெட்டலாம், எப்படியும் உரிச்சுப் போடுறதுதான். 'ண', 'ன', 'ள' நடுவுல உள்ள திட்டு தனியா நிக்கும், அதனால டிரான்ஸ்பர் டேப்போட (துண்டு இடம் மாறாமப் புடிச்சுக்கிற மேல் டேப்) ஒட்டித்தான் தருவேன். சுவத்துல சுண்ணாம்புப் பொடி இருந்தா ஒட்டாது, ஒரு கை பிரைமர் அடிச்சுக் காய விட்டுருங்க. வாசகத்தை அனுப்புங்க, வெட்டுறதுக்கு முன்ன போன்ல உங்களுக்கு வாசிச்சுக் காட்டுறேன்.

#34 கர்வ்போடு

எனக்கும் அனுப்புங்க. புள்ளியை நான் எண்ணுறேன்.